படியில் கிடந்த தலையணை

சிமாபுங் ஊரில் யுஸ்னிமாரின் குரலைப் பற்றிப் பல கதைகள் உண்டு. அவற்றில் பாதியாவது உண்மை. சாயங்காலம் அவள் தன் கோழிகளைக் கூப்பிட்டால் சிங்காலாங் மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்க் கோழிகளும் கிளம்பி வந்துவிடுமாம்; மறுநாள் அவற்றை உரியவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதே பெரும்பாடாம். சந்தையில் அவள் மரவள்ளிக்கிழங்கு வறுவல் விற்றாள். மெல்லியதாகச் சீவி, பொரித்து, மிளகாய் விழுதில் புரட்டிய சிவப்பு வறுவல். அவள் ஒரு குரல் கொடுத்தால், பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து தூங்கிப்போனவன்கூட இறங்கி வந்து ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டுதான் மறுபடி தூங்கப் போவான்.

இவ்வளவு குரல் படைத்தவள் தன் கணவனிடம் மட்டும் அதிகம் பேசியதில்லை. சண்டை ஒன்றும் இல்லை. வீடு அப்படி.

அந்த நாட்டில் வீடு பெண்ணுடையது. அம்மா, கல்யாணமான இரண்டு அக்காக்கள், அவர்கள் பிள்ளைகள், ஒரு பெரியம்மா என்று ஒரே நீளமான மரவீட்டில் எல்லோரும் இருந்தார்கள். அறைகள் வரிசையாக இருந்தன. அறைக்கும் அறைக்கும் நடுவில் ஒற்றைப் பலகை; பலகைக்கும் பலகைக்கும் நடுவில் இடுக்கு. முதல் அறையில் ஒருவர் புரண்டு படுத்தால், அவர் எந்தப் பக்கம் புரண்டார் என்பது கடைசி அறை வரைக்கும் தெரியும். மாப்பிள்ளைகள் அந்தித் தொழுகை முடிந்து வருவார்கள். காலையில் காப்பி குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். பகலெல்லாம் கடையும் வயலும் அவரவர் அம்மா வீடும்தான். மாமியார் வீட்டில் மாப்பிள்ளை கடைசிவரை விருந்தாளி. விருந்தாளியிடம் குரலை உயர்த்துவது அழகல்ல. விருந்தாளியும் சோற்றில் உப்பில்லை என்று சொல்லமாட்டார்.

யுஸ்னிமாரின் கணவர் ஜமாரிஸ் சந்தையில் தையற்கடை வைத்திருந்தார். கல்யாணத்தன்று அவருக்கு மாலின் காயோ என்று பட்டம் கட்டினார்கள். அன்றிலிருந்து பெண் வீட்டில் அந்தப் பெயர்தான். அளவெடுக்கும்போது எண்களைத் தவிர அவர் வாயிலிருந்து எதுவும் வராது. அதையும் மனதுக்குள்ளேயே சொல்லிக்கொண்டு தைத்த சட்டைகள் ஊரில் உண்டு. அவையும் சரியாகத்தான் இருந்தன.

ஆகவே இருவரும் பொருள்களை வைத்துப் பேசிக்கொண்டார்கள். காப்பித் தட்டின் ஓரத்தில் ஒரு துண்டு கருப்பட்டி இருந்தால் அவள் சந்தோஷமாக இருக்கிறாள். கோப்பையின் மூடி கவிழ்ந்திருந்தால் அவருடைய அம்மா ஆள் அனுப்பியிருக்கிறார். அவர் தன் சட்டையை ஆணியில் மாட்டாமல் மடித்து வைத்தால், நாளைக்கு வர நேரமாகும். இப்படியே அவர்கள் குடித்தனம் பெரிய தகராறு இல்லாமல் ஓடியது. பார்க்கிறவர்கள், இவர்களைப் போல ஒற்றுமையான ஜோடி உண்டா என்று கேட்டார்கள். ஆனால் அந்தப் பாஷையில் ஒரு குறை இருந்தது. அதில் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். எதையும் கேட்க முடியாது.

இவர்களுடைய பாஷைக்கும் முன்னால் ஊருக்கே பொதுவான ஒரு வார்த்தை இருந்தது. ஒரு மாப்பிள்ளை இனி வேண்டாம் என்று பெண் வீடு முடிவெடுத்தால் அதை வாயால் சொல்லி அவரை அவமானப்படுத்துவதில்லை. அவருடைய தலையணையை வாசற்படியில் வைத்துவிடுவார்கள். வருகிறவர் பார்ப்பார், திரும்பிப் போவார். அவ்வளவுதான் விவகாரம். யுஸ்னிமாரின் பெரியம்மா தன் இளவயதில் ஒருமுறை அப்படி வைத்திருக்கிறாள். அதைப் பார்த்துத் திரும்பி நடந்த மனிதர் எங்கோ தொலைவில் இருக்கும் மேடான் நகரத்தில் போய்த்தான் நின்றார் என்றும், நின்ற பிறகும் கொஞ்ச நேரம் திரும்பிப் பார்க்கவில்லை என்றும் வீட்டில் சொல்வார்கள்.

விஷயம் ஜகார்த்தாவில் தொடங்கியது. ஒரு நாள் ஊர்ச் சந்தையில் வெற்றிலை விற்கும் சாவனிஸ் சித்தி, பக்கத்துப் பாயிலிருந்து யுஸ்னிமார் பக்கம் சாய்ந்தாள்.

"உன் வீட்டுக்காரர் ஜகார்த்தா போறாராமே? அவரோட சித்தப்பா மகன் ஸய்னால் அங்க பெரிய தையல் கடை போடறானாம். கூடவே வந்துடுன்னு கூப்பிட்டிருக்கானாம்."

"ஆமா, எனக்குத் தெரியுமே," என்றாள் யுஸ்னிமார். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

"தெரியாம இருக்குமா? சொல்லாம இருப்பாரா? எனக்கே தெரியும்போது."

அந்த ஊர் ஆண்கள் பிழைப்புத் தேடிக் கடல் கடந்து போவது புதிதல்ல. போகாதவனைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். போனவர்களில் சிலர் தொலைக்காட்சிப் பெட்டியோடு திரும்பினார்கள், சிலர் இன்னொரு மனைவியோடு திரும்பினார்கள், சிலர் திரும்பவே இல்லை. யுஸ்னிமாருக்கு அவர் போவதுகூடப் பெரிதாகப் படவில்லை. வெற்றிலைக்காரிக்குத் தெரிந்தது தனக்குத் தெரியவில்லையே என்பதுதான் நெஞ்சில் முள்ளாக நின்றது. அன்று மாலை அவர் வந்து உட்கார்ந்ததும் கருப்பட்டியும் இல்லாமல் சர்க்கரையும் இல்லாமல் கடுங்காப்பியைக் கொண்டுபோய் வைத்தாள். அவர் ஒரு வாய் குடித்தார். அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கோப்பை காலியாகும்வரை குடித்து முடித்தார். மறுநாளும் கடுங்காப்பி, அதற்கு மறுநாளும் அதுவே. அவர் முகம் சுளிக்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் வீட்டுப் பூனை, அந்த முறுக்கு வால் மஞ்சள் பூனை, தன் பிரசவத்துக்கு மாலின் காயோவின் தலையணையைத் தேர்ந்தெடுத்தது.

அது சாதாரணத் தலையணை அல்ல. இலவம்பஞ்சை அவர் தானே கொட்டை எடுத்து, தானே அடைத்து, தானே தைத்த தலையணை. அது இல்லாமல் அவருக்குக் கண் மூடாது. காலையில் அறைக்குள் வந்து பார்த்த யுஸ்னிமார் இடுப்பில் கை வைத்து நின்றாள். பூனை அவளை அலட்சியமாகப் பார்த்தது. அவள் குட்டிகளை ஒரு பழைய கூடைக்கு மாற்றினாள், உறையைத் துவைத்தாள், கறையைத் தேய்த்துக் கழுவினாள். கோபம் அவர்மேல்தான், தலையணை என்ன செய்தது? மழைக்காலமானதால் வெயில் கஞ்சத்தனமாக அடித்தது. அன்று அது விழுந்த ஒரே இடம் வாசற்படியின் கைப்பிடி. அதன்மேல் தலையணையைப் போட்டுவிட்டு, பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்குக் கேட்டிருந்த வறுவலைப் பொரிக்கப் பின்கட்டு அடுப்படிக்குப் போனாள். பொரித்துக்கொண்டே அவளுக்கு மனது இளகியது. இன்றைக்குக் காப்பியோடு கருப்பட்டி வைத்துவிடலாம், இரண்டு துண்டாகவே வைத்துவிடலாம் என்று முடிவெடுத்தாள்.

மலைக்காற்று சாயங்காலம் இறங்கி வந்தது. காற்றுக்கு ஊர் வழக்கம் தெரியாது. கைப்பிடியிலிருந்த தலையணையைத் தள்ளி, நடுப்படியில் யாரோ எடுத்து வைத்தது போலவே உட்கார வைத்துவிட்டுப் போய்விட்டது.

மாலின் காயோ வந்தார். படியடியில் இருக்கும் கல்தொட்டியில் வழக்கம்போல ஒரு காலைக் கழுவினார். நிமிர்ந்தவர் படியைப் பார்த்தார். மற்றக் காலைக் கழுவாமலே திரும்பிப் போனார்.

சற்று நேரத்தில் அம்மா வெளியே வந்தாள். படியில் தலையணையைக் கண்டாள். மண் தரையில் ஒரு ஈரக்கால் தடமும் ஒரு புழுதிக்கால் தடமுமாக வாசலைவிட்டு வெளியே போவதையும் கண்டாள். பெண் முடிவெடுத்துவிட்டாள், என்னிடம்கூடச் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டாள். அதைப் பற்றிக் கேட்பது நாகரிகமில்லை. ஆகவே தலையணையை எடுத்துக்கொண்டுபோய்ப் படுக்கையில் வைத்துவிட்டு, மற்றப் பெண்களிடம் கண்ணால் சொன்னாள். அவர்களும் கண்ணாலேயே, அப்படியா என்றார்கள்.

யுஸ்னிமார் காப்பியோடு காத்திருந்தாள். காப்பி ஆறியது. அன்று அவர் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் ஜகார்த்தாவுக்கே கிளம்பிவிட்டாரா என்றால், அதுவும் இல்லை. சந்தையின் அந்தக் கோடியில் அவர் தையல் மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவள் காது அதைப் பொறுக்கி எடுத்தது. அவர் அம்மா வீட்டில் தங்கியிருக்கிறார் என்று தெரிந்தது. என்னைப் பிடிக்கவில்லை, போவதற்கு முன்னால் நான் இல்லாமல் இருந்து பழகிக்கொள்கிறார் என்று நினைத்தாள்.

வீட்டில் எல்லோரும் அவளிடம் விசித்திரமாக அன்பு காட்டினார்கள். சாப்பாட்டில் மீன் தலை அவளுக்கு வந்தது. மூத்த அக்கா தலைக்கு எண்ணெய் தடவிவிட்டாள். பெரியம்மா ஒரு நாள் அருகில் உட்கார்ந்து, "நானும் அந்தக் காலத்துல தைரியமாத்தான் இருந்தேன்," என்று முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு எழுந்து போனாள். யுஸ்னிமாருக்கு ஒன்றும் புரியவில்லை. அடுப்படியில் அழுதாள். மிளகாய் நெடி என்றாள்.

தலையணையை வைத்ததற்குப் பெண் வருந்துகிறாள் என்று அம்மாவுக்குத் தோன்றியது. உடனே தன் தம்பி டத்துக் பண்டாரோவைக் கூப்பிட்டனுப்பினாள். அவர்தான் வீட்டுக்குத் தாய்மாமன். எதையும் நேராகச் சொல்லாமல் உவமையாலேயே பேசுவதில் சுற்று வட்டாரத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. வெற்றிலைத் தட்டைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டு, கறுப்புத் தொப்பியைச் சரிசெய்து, மாப்பிள்ளையின் அம்மா வீட்டுக்குப் போனார். போனவர் பொழுது சாயும்போதுதான் திரும்பினார். முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

"என்ன மாமா ஆச்சு?" என்றாள் யுஸ்னிமார்.

"அருமையான பேச்சு. அந்தப் பக்கம் அவரோட மாமா இருந்தார். நான் மலையில ஆரம்பிச்சேன். அவர் ஏரிக்கு வந்தார். நான் விடல, மழைக்குப் போனேன். அவர் வாத்துக் கூட்டத்தைப் பத்தி ஒண்ணு சொன்னார் பாரு, அடடா, நானே தலையாட்டிட்டேன்."

"என் வீட்டுக்காரர் ஏன் வரலையாம்?"

"அதை எப்படிம்மா நேரா கேக்கறது? கல்யாணத்துல சாப்பிடறவரைப் பாத்து இன்னும் வயிறு நிறையலையான்னு கேக்கற மாதிரி இருக்கும்."

"சரி, வருவாரா?"

டத்துக் பண்டாரோ யோசித்தார். "வாத்தை வெச்சுப் பாத்தா வருவார். ஏரியை வெச்சுப் பாத்தா கொஞ்சம் சந்தேகம்."

வெள்ளிக்கிழமை காலை சாவனிஸ் சித்தி வெற்றிலையை அடுக்கிக்கொண்டே, "இன்னிக்கி ஜும்ஆ தொழுகை முடிஞ்சதும் பஸ்ஸாமே," என்றாள். "டிக்கெட் எடுத்துட்டாரு. பொட்டியைக் கடையிலேயே கொண்டுவந்து வெச்சிருக்காரு. உனக்குத் தெரிஞ்சிருக்குமே."

இந்த முறை யுஸ்னிமார் தெரியும் என்று சொல்லவில்லை. வறுவலை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள். போகிற மனிதரைப் பெண் போய்த் தடுப்பது அந்த ஊரில் இல்லாத வழக்கம். அது அவளுக்கும் தெரியும். தடுக்கவேண்டும் என்று அவள் நினைக்கவும் இல்லை. ஜகார்த்தாவுக்கு பஸ்ஸில் மலை இறங்கி, கப்பல் ஏறி, மறுபடி பஸ் ஏறிப் போகவேண்டும். அத்தனை தூரம் அந்த மனிதர் தலையணை இல்லாமல் எப்படித் தூங்குவார் என்பதுதான் அவள் மனதில் ஓடியது. அதை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு சந்தைக்குத் திரும்பினாள்.

வெள்ளிக்கிழமைச் சந்தை. அவள் தலையணையோடு நடந்து வருவதைப் பார்த்ததும் கூட்டம் வழிவிட்டது. படியில் வைத்த கதை எல்லோருக்கும் எட்டியிருந்தது. ஆனால் கையோடு கொண்டுவந்து கொடுப்பதை யாரும் கண்டதில்லை. மிளகாய் விற்கிறவர் நிறுப்பதை நிறுத்திவிட்டார்.

மாலின் காயோ மெஷினிலிருந்து எழுந்து நின்றார். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"இதுக்காக நீ இவ்வளவு தூரம் வரணுமா," என்றார். "படியில வெச்சதே போதும். நான் பாத்துட்டேன்."

"எந்தப் படியில?"

"உங்க வீட்டுப் படியில."

யுஸ்னிமார் தலையணையைப் பார்த்தாள். பெரியம்மா முதுகில் தட்டியது நினைவுக்கு வந்தது. மீன் தலையும் எண்ணெயும் நினைவுக்கு வந்தன.

"நான் படியில வெக்கல. கைப்பிடியில காயப் போட்டேன்."

"எதுக்கு?"

கல்யாணமான நாளிலிருந்து இருவரில் ஒருவர் மற்றவரை ஏன், எதற்கு என்று கேட்டது அதுதான் முதல் தடவை. அந்தக் கேள்வி அவளுக்குள் எதையோ திறந்துவிட்டது. கோழிகளைக் கூப்பிடும் குரல் தானாக வந்துவிட்டது.

"பூனை குட்டி போட்டுச்சு. உங்க தலையணைமேல."

சந்தை முழுவதும் கேட்டது. மலைக்கு அந்தப் பக்கமும் கேட்டிருக்கும். பிறகு மீன் கடைப் பக்கமிருந்து ஒருவர், "எல்லாம் மஞ்சக் குட்டியா?" என்று விசாரித்தார். அவரைப் பக்கத்தில் இருந்தவர்கள் அடக்கினார்கள்.

மாலின் காயோ மெதுவாக உட்கார்ந்தார். யுஸ்னிமாரும் அளவெடுக்க வருகிறவர்களுக்குப் போடும் முக்காலியில் உட்கார்ந்தாள். தலையணை மடியில் இருந்தது.

"உடா," என்றாள். அங்கே பெண்கள் கணவனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவள் அதையும் எப்போதாவதுதான் சொல்லியிருக்கிறாள். "ஜகார்த்தா போறதை என்கிட்ட ஏன் சொல்லல?"

"போறதா இல்லையே. அதான் சொல்லல. ஸய்னால் கூப்பிட்டான், நான் வரலைன்னுட்டேன்."

"அப்ப இந்த டிக்கெட்?"

"தலையணையை வெளியில வெச்சுட்டாங்கன்னா ஒருத்தன் எங்கயாவது போகணுமில்ல? எனக்குத் தெரிஞ்ச ஊரு அது ஒண்ணுதான்." அவர் மெஷினில் கிடந்த துணியை நீவினார். "நீயும் என்னைப் போகச் சொல்றியோன்னுதான் நெனச்சேன். காப்பி குடுத்தியே."

"எந்தக் காப்பி?"

"அந்தக் கடுங்காப்பி. ஊர்ல எல்லாரும் போய்ச் சம்பாதிச்சுக் கொண்டுவராங்க, நீ மட்டும் இங்கயே குந்திக்கிட்டு இருக்கியேன்னு கேக்கறியாக்கும்னு நெனச்சேன்."

"ஒரு கோப்பைக் காப்பியில அவ்வளவு நீளமா எப்படிக் கேப்பேன்?"

"வேற என்ன கேட்ட?"

"ஊருக்கெல்லாம் தெரிஞ்ச விஷயத்தை என்கிட்ட ஏன் மறைச்சீங்கன்னு கேட்டேன்."

அவர் அதை மனதுக்குள் அளந்து பார்த்தார். "அதுவும் காப்பிக்கு நீளம்தான்," என்றார்.

யுஸ்னிமார் சிரித்துவிட்டாள். அழுகையும் கூடவே வந்தது. அவர் ஒரு துண்டுத் துணியை எடுத்துக் கொடுத்தார். பள்ளிவாசலில் தொழுகைக்கு முரசு கொட்டியது. அதற்கு அப்பால் பஸ்காரன் ஒலிப்பானை அமுக்கி ஊரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அவர் பெட்டியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"நான் போகவா, இருக்கவா? நீயே சொல்லு."

அவள் அதற்குச் சொன்ன பதில்தான் சந்தையில் யாருக்குமே கேட்கவில்லை. அந்தச் சந்தைக்குள் முதல்முறையாக அவள் குரலைத் தணித்தாள். சாவனிஸ் சித்தி அந்தப் பதிலைத் தன் காதால் கேட்டதாகச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வருஷமும் அது நீண்டுகொண்டே போய்க் கடைசியில் ஒரு பாட்டாகவே ஆகிவிட்டது. உண்மையில் யுஸ்னிமார் சொன்னது ஒரே வார்த்தை. "இருங்க."

பஸ் ஒரு காலி இருக்கையோடு மலை இறங்கியது.

அன்று மாலை டத்துக் பண்டாரோ வந்தபோது, மாப்பிள்ளை பாயில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். தட்டில் இரண்டு துண்டு கருப்பட்டி. டத்துக் பண்டாரோ தொப்பியைக் கழற்றி முட்டியில் வைத்துக்கொண்டு தன் அக்காவிடம் சொன்னார்: "வாத்துதான். எனக்கு அப்பவே தெரியும்." அவரிடம் பூனையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கடைசிவரை அந்தப் பேச்சைக் கல்யாண வீடுகளில் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டுப் பலகைச் சுவர்களில் இடுக்குகள் அப்படியேதான் இருந்தன. ஆகவே யுஸ்னிமார் தன் வறுவல் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டுபோய்த் தையற்கடை வாசலில் விரித்தாள். மெஷின் சத்தத்தில் பக்கத்துக் கடைக்குக்கூட ஒன்றும் கேட்காது. காலையிலிருந்து மாலைவரை இருவரும் பேசினார்கள். நேற்றுச் சோறு குழைந்ததைப் பற்றி, அவர் அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றி, இனிப் பிறக்கப்போகும் தங்கள் குழந்தைக்கு என்ன பெயர் வைப்பது என்பதைப் பற்றி. சண்டையும் போட்டார்கள். முன்பு இல்லாத அளவுக்குப் போட்டார்கள். ஒருநாள் சட்டைக்கையின் நீளத்தைப் பற்றி வந்த சண்டையில் ஒரு சட்டை இரண்டு வேறு அளவுக் கைகளோடு தைக்கப்பட்டுவிட்டது. முன்பு ஒற்றுமையான ஜோடி என்று சொன்னவர்கள், இப்போது இவர்களுக்கு என்ன ஆயிற்று என்று கவலைப்பட்டார்கள். மாலின் காயோ உடம்பில் சதை வைத்ததை மட்டும் யாரும் கவனிக்கவில்லை. அவர் சட்டையின் அளவை அவரே பெரிதாக்கித் தைத்துக்கொண்டதால், அது அவருக்கு மட்டும்தான் தெரிந்தது.

பூனை தன் பழக்கத்தை விடவில்லை. அடுத்த மழைக்காலமும் அதே தலையணைதான், அதற்கடுத்ததும் அதுதான். பூனையின் மகளும் அதையே தாய்வீட்டுச் சீராக எடுத்துக்கொண்டது. ஆகவே தலையணை அடிக்கடி கைப்பிடிக்கு வந்தது. காற்றும் அதை அடிக்கடி படியில் இறக்கியது. மாலின் காயோ தொட்டியில் ஒரு காலைக் கழுவிவிட்டு நின்று, வீட்டைப் பார்த்துக் குரல் கொடுப்பார்.

"யுஸ்னி, பூனையா, நானா?"

"பூனை," என்று பின்கட்டிலிருந்து வரும் பதிலுக்கு ஊர்க் கோழிகள் எல்லாம் ஒருமுறை கிளம்பி நிற்கும். அவர் மற்றக் காலையும் கழுவிக்கொண்டு ஏறி வருவார்.

எப்போதாவது ஒரு நாள், "இன்னிக்கி நீங்கதான்," என்றும் பதில் வரும். அன்றைக்கும் அவர் திரும்பிப் போனதில்லை. தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்து, "என்ன பண்ணினேன், சொல்லு," என்பார். அவள் கரண்டியோடு வெளியே வந்து, வீடே கேட்கும்படி சொல்வாள்.